சம்பந்தி சொன்ன தூரம்

கடலைப் பார்த்து நின்ற அந்தக் குன்றின் மேல் இரண்டு பீரங்கிகள் இருந்தன. அந்தக் கரை நெடுக இப்படிப் பல தளங்கள் உண்டு. எது வேகமாகச் சுடுகிறது, எது குறி தவறாமல் சுடுகிறது என்று ஆண்டுக்கொரு முறை சோதனை வைப்பார்கள். அதில் முதலிடத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தது இந்தக் குன்றுத் தளம்தான். போன சோதனையில் என்ன வந்ததோ, ஒரேயடியாகக் கடைசிக்குப் போய்விட்டது. மற்றத் தளங்கள் எல்லாக் குண்டுகளையும் சுட்டு முடித்துக் குழலைத் துடைக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இவர்கள் இரண்டே குண்டு போட்டார்கள். அதில் ஒன்று போய் விழுந்த இடத்துக்கும் இலக்குக்கும் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்யத் தலைமையகம் ஒரு கேப்டனை அனுப்பியது. எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத ஆள். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். வந்து இறங்கியதும் இறங்காததுமாகத் தளத்தில் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமான புதிதில் அவள் காய் நறுக்குவதை அவர் நேரம் பார்க்கப் போக, அவள் கத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். அன்று முதல் அந்த வீட்டில் காய் நறுக்குவது அவர்தான்.

பீரங்கி சுடுவது ஒன்றும் கம்பசூத்திரமில்லை. குன்றின் உச்சியில் கடலைப் பார்த்து ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. அங்கே ஒருவர் தூரமானியில் கண்ணை வைத்து, இலக்கு எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து டெலிபோனில் கீழே சொல்வார். கீழே பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்கும் சார்ஜென்ட் அந்த எண்ணுக்குக் குழலைத் திருப்பி வைத்துச் சுடச் சொல்வார். குண்டு விழுந்த இடத்தில் தண்ணீர் எழும்பும். இலக்குக்கு முன்னால் எழும்பினால் தூரம் குறைவு, தாண்டி எழும்பினால் அதிகம். மேலே இருப்பவர் திருத்தம் சொல்ல, கீழே இருப்பவர் மறுபடி சுட வேண்டும். இவ்வளவுதான் வேலை.

கேப்டன் முதலில் கால்களில் கை வைத்தார். குண்டைத் தூக்கி வந்து கொடுப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொள்வதைப் பார்த்து, யார் எங்கே கால் வைக்க வேண்டும் என்று தரையில் வெள்ளைச் சுண்ணாம்பால் பாதங்கள் வரைந்தார். முதல் நாள் இரண்டு பேர் ஒரே பாதத்துக்குச் சொந்தம் கொண்டாடிக் குண்டை நடுவில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி நின்றார்கள். இன்னொருவர் இடது பாதத்தில் வலது காலை வைத்துவிட்டு மேற்கொண்டு எப்படித் திரும்புவது என்று தெரியாமல் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டார். ஆனால் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. குழலில் குண்டு போட்டுப் பின்கதவை மூடும் நேரம் பாதியாகக் குறைந்தது. கேப்டனுக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் அந்த விசித்திரத்தைக் கவனித்தார். குண்டு போட்டாயிற்று, கதவு மூடியாயிற்று, ஆட்கள் எல்லாம் பாதத்தில் பாதம் வைத்து நிற்கிறார்கள். பீரங்கியோ கடலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு சும்மா நிற்கிறது. சார்ஜென்ட் காதில் டெலிபோனை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சிரிப்புதான் கேப்டனுக்கு உறுத்தியது. சார்ஜென்ட் ஆஜானுபாகுவான ஆள். தோள் வாசலை அடைக்கும். அவர் ஓர் அதட்டல் போட்டால் கூரையில் உட்கார்ந்திருக்கும் கடற்பறவையெல்லாம் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் திரும்பி வந்து உட்காரும். அப்பேர்ப்பட்ட மனிதர் டெலிபோனைக் காதில் வைத்ததும் முதுகை வளைத்து, குரலைத் தேனில் தோய்த்துப் பேசினார்.

மறுநாள் கேப்டன் அந்த டெலிபோன் வயரில் இன்னொரு கருவியை மாட்டச் சொல்லித் தன் அறையில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்டார்.

மேலே தூரமானியில் இருந்தவர் பேசினார். "வணக்கம் சம்பந்தி."

"வணக்கம் வணக்கம். சொல்லுங்க சம்பந்தி," என்றார் சார்ஜென்ட்.

"தொந்தரவு பண்றேனோ?"

"ஐயோ, என்ன பேச்சுங்க இது! நான் சும்மா குண்டைப் போட்டு வெச்சுட்டுத்தான் நிக்கிறேன்."

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?"

"இப்ப பரவாயில்லீங்க. எண்ணெய் தேய்ச்சுட்டு வர்றா."

"ரொம்ப சந்தோஷம். தூரம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"அடடா, மறந்தே போச்சு பாருங்க. நாலாயிரத்து இருநூறுன்னு எனக்குப் படுது. உங்களுக்கு எப்படித் தோணுது?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சம்பந்தி."

பீரங்கி வெடித்தது. கேப்டன் ஜன்னலுக்கு ஓடினார். மிதந்துகொண்டிருந்த பயிற்சி இலக்குக்கு எங்கேயோ முன்னால் தண்ணீர் எழும்பியது.

"கொஞ்சம் முன்னாடி விழுந்துடுச்சோ?" என்றது மேல் குரல்.

"அதனால என்னங்க சம்பந்தி. ரொம்ப அழகா விழுந்துச்சு," என்றது கீழ்க் குரல்.

கேப்டன் கருவியைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்கு நடந்தார்.

தளத்துச் சமையல்காரரிடம் விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. சார்ஜென்டும் தூரமானிக்காரரும் ஒரே நாளில் படையில் சேர்ந்தவர்கள். சார்ஜென்ட் பருமன், தூரமானிக்காரர் ஒல்லி. இவர் அவரைக் 'குச்சி' என்பார், அவர் இவரைத் 'தடியா' என்பார். "கல்யாணத்துக்கு முன்னாடி இவங்க டெலிபோன்ல பேசினா காதுல பஞ்சு வெச்சுக்கணும் சார். அவ்வளவு வசவு. ஆனா குண்டு ஒண்ணு வீணாப் போகாது. போன வருஷம் குச்சியோட மகனுக்குத் தடியனோட மகளைக் கட்டிக் கொடுத்தாங்க. அதோட போச்சு. இப்ப ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில உக்கார மாட்டேங்கிறாங்க. நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்கன்னு நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டுப் போறாங்க."

அன்று மாலை காய் நறுக்கிக்கொண்டே கேப்டன் மனைவியிடம் இதைச் சொன்னார். "மரியாதையாப் பேசுறதுனால நேரம் வீணாகுது, அது புரியுது. ஆனா குறி ஏன் தப்புது? தூரம் தப்புன்னு அந்த சார்ஜென்டுக்குக் கண்ணுக்கு நேரா தெரியுதே. ஏன் சொல்ல மாட்டேங்கிறார்?"

மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"அவர் பொண்ணைக் கொடுத்தவருங்க. மாப்பிள்ளையோட அப்பாகிட்டப் போய் நீ சொல்றது தப்புன்னு எப்படிச் சொல்லுவார்? நாளைக்கு அந்த வீட்ல பொண்ணு மூஞ்சியில அடிச்ச மாதிரி ஒரு சொல்லு விழுந்துட்டா?"

"இது பீரங்கி சம்பந்தப்பட்ட விஷயம். இதுல பொண்ணு எங்க வந்தா?"

"எங்கப்பா கால் மேல நீங்க நாற்காலியைப் போட்டு உக்காந்தீங்களே, தெரியுமா உங்களுக்கு?"

"எப்போ?"

"நிச்சயம் பண்ண வந்த அன்னிக்கு. நீங்க எழுந்திரிக்கிற வரைக்கும் அவர் சிரிச்சுக்கிட்டே இருந்தார். ரெண்டு விரல்ல நகம் போச்சு. இன்னி வரைக்கும் உங்ககிட்ட மூச்சு விட்டாரா?"

கேப்டன் கத்தியைக் கீழே வைத்தார். மாமனார் ஏன் எப்போதும் தனக்கு இடம் நகர்த்த முடியாத மெத்தை நாற்காலியையே காட்டுகிறார் என்பது அன்றுதான் அவருக்குப் புரிந்தது.

புரிந்தாலும் அவர் ராணுவக்காரர். மறுநாள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "இன்னிலேருந்து டெலிபோன்ல நீங்க, வாங்க, சம்பந்தி எதுவும் கூடாது. முன்னாடி எப்படிப் பேசினீங்களோ அப்படியே பேசணும். வாடா, போடா, சொல்லுடா. இது உத்தரவு."

இருவரும் விறைப்பாக சல்யூட் அடித்தார்கள். முகத்தில் ஈயாடவில்லை.

உத்தரவை மீறுவதும் அவர்களுக்கு ஆகாது, சம்பந்தியை அவமதிப்பதும் ஆகாது. ஆகையால் அன்றைய பயிற்சியில் "சொல்லுடாங்க" என்று ஒரு புதிய வார்த்தை பிறந்தது. தூரமானிக்காரர் "நாலாயிரம்... டா... மன்னிச்சுக்குங்க" என்றார். ஒவ்வொரு 'டா' விழுந்ததும் கொஞ்ச நேரம் டெலிபோனில் அமைதி நிலவியது, யாரோ இறந்துவிட்ட வீடு மாதிரி. பயிற்சி முடிந்ததும் தூரமானிக்காரர் அத்தனை படிகளும் இறங்கி வந்து, எண்ணி வைத்திருந்த 'டா'க்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டார். சார்ஜென்ட் அவரை வழியனுப்ப மறுபடி உச்சி வரைக்கும் ஏறினார். வேகம் முன்பைவிட மோசமாயிற்று.

உத்தரவை வாபஸ் வாங்கிவிட்டு, கேப்டன் அந்தப் பெண்ணையே பார்த்துப் பேசுவது என்று கிளம்பினார்.

சார்ஜென்டின் மகள் போக்குவரத்துப் போலீஸ். ஊரின் பெரிய நாற்சந்தியில் நடுமேடை மேல் அவள் நின்றிருந்தாள். அப்பாவின் உயரம், அப்பாவின் குரல், போதாக்குறைக்கு வாயில் ஒரு விசில். கேப்டன் ஜீப்பை ஓரங்கட்டி இறங்கினார்.

"யோவ் ஜீப்பு! அங்க நிறுத்தக் கூடாது!"

கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தான் யார் என்று சொன்னார். "அப்போ இன்னும் நல்லாவே தெரிஞ்சிருக்கணும். எடுங்க வண்டியை," என்றாள். அவர் வண்டியைத் தெருக்கோடியில் விட்டுவிட்டு வியர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார். அவள் ஒரு கையால் லாரிகளை மறித்துக்கொண்டு மறு கையால் அவரை மேடைக்குப் பக்கத்தில் வரச் சொன்னாள். நாலு பக்கமும் ஹாரன் அலற, கேப்டன் தளத்துக் கதையெல்லாம் கத்திக் கத்திச் சொல்லி முடித்தார்.

"எனக்காகவா? எங்கப்பா எனக்காகவா தப்பாச் சுடுறார்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவள் ஊதிய விசிலில், போகச் சொல்லியிருந்த பக்கமும் சேர்ந்து நின்றுவிட்டது.

வேலை முடிந்ததும் சீருடையைக் கூட மாற்றாமல் அவள் நேராகக் குன்றுக்கு வந்தாள். கேப்டனின் அறையில் இரண்டு சம்பந்திகளும் சுவரோரமாக நின்றார்கள். உட்காரச் சொன்னால் யார் முதலில் உட்காருவது என்ற பிரச்சினை வரும் என்பதால் கேப்டன் சொல்லவில்லை.

"அப்பா, மாமா சொல்ற தூரம் தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

சார்ஜென்ட் தொண்டையைச் செருமினார். "தெரியும்... ஆனா பெரிய மனுஷர் சொல்லும்போது..."

"பெரிய மனுஷரா? நேத்து வரைக்கும் குச்சின்னுதானே கூப்பிட்டீங்க?"

"உனக்காகத்தாம்மா. நான் இங்க ஒரு வார்த்தை தடிப்பா விட்டா, அது அங்க வீட்ல வந்து உன் தலையில விடியும். வாழப்போன இடத்துல நீ கண்ணைக் கசக்கிக்கிட்டு நிக்கக் கூடாது, பாரு."

அதைச் சொல்லும்போது அந்தப் பெரிய குரல் உடைந்துபோயிற்று. கேப்டன் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார்.

மகள் மாமனார் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க மாமா. எங்கப்பா உங்களை ஒரு வார்த்தை சொல்லிட்டா நீங்க என்னை என்ன பண்ணுவீங்க?"

தூரமானிக்காரர் திருதிருவென்று விழித்தார். "நான் என்னத்தைம்மா பண்ணப் போறேன்? பாத்ரூம் விளக்கை அணைக்காம வந்தாலே நீ விசில் ஊதுறே."

சார்ஜென்ட் நிமிர்ந்தார். "வீட்டுக்குள்ளேயா?"

"வீட்டுக்குள்ளேயேதான் சம்பந்தி. சாப்பாட்டு மேஜையில நான் ரெண்டாந்தரம் உப்பு எடுத்தாக் கையைக் காட்டி நிறுத்துறா. என் பையன் சமையலறைக்குள்ள போகணும்னா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாத்துட்டுத்தான் போறான். நான் உங்ககிட்ட இவ்வளவு பணிவாப் பேசுறதே, உங்களை எதாவது சொல்லி வெச்சு அது இவ காதுக்குப் போயிடக் கூடாதேன்னுதான்."

"சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்," என்றார் சார்ஜென்ட் மெதுவாக. "என்னையே ரெண்டு தரம் வீட்டுக்கு வெளியே நிக்க வெச்சிருக்கா."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பொண்ணு எடுத்திருப்பீங்களா?"

இரண்டு பேரும் ஒரே பெண்ணுக்குப் பயந்துதான் இத்தனை நாள் கடலில் குண்டை வீணாக்கியிருக்கிறார்கள். கேப்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேஜைக்கடியில் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டார்.

"ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்குங்க," என்றாள் அவள். "எனக்கு அங்க ஒரு குறையும் இல்லை. வீட்ல எவ்வளவு வேணும்னாலும் கும்பிட்டுக்குங்க. குன்று மேல வேலையை மட்டும் பாருங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லணும்." கேப்டனுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நிலைமை தேறியது. முழங்கால் விசாரிப்பு நின்றது. தூரம் உடனுக்குடன் கீழே வந்தது. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. எண் தவறாக இருந்தால் சார்ஜென்ட் இன்னும் "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்" என்றுதான் சொன்னார். தூரமானிக்காரரும் யோசித்துப் பார்த்தார். யோசித்து முடிப்பதற்குள் இலக்கு நகர்ந்துவிட்டது. இந்த நிலையில்தான் ஆண்டுச் சோதனை வந்து சேர்ந்தது.

சோதனைக்கு வந்த கர்னல் நரைத்த மீசைக்காரர். எதையும் நிதானமாகப் பார்ப்பார், எல்லோரிடமும் இனிமையாகப் பேசுவார், மதிப்பெண் மட்டும் கிள்ளிக் கிள்ளிப் போடுவார். டெலிபோன் பேச்சு தனக்குக் கேட்க வேண்டும் என்று உச்சி அறையில் ஓர் ஒலிபெருக்கி மாட்டச் சொன்னார். கடலில் ஓர் இழுவைப் படகு, நீண்ட கயிற்றில் இலக்கை இழுத்துக்கொண்டு வந்தது. மரச்சட்டத்தில் சிவப்புத் துணி கட்டிய இலக்கு. படகுக்கும் இலக்குக்கும் நடுவே தாராளமான இடைவெளி இருந்ததால் படகில் இருந்த மாலுமிகள் நிம்மதியாகச் சட்டையைக் கழற்றி வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

தூரமானிக்காரர் கண்ணை வைத்து இலக்கைப் பிடித்துவிட்டார். கேப்டன் பக்கத்தில் நின்று ஸ்டாப்வாட்ச்சில் கண்ணை வைத்தார்.

"எத்தனை வருஷ சர்வீஸ் உங்களுக்கு?" என்று கர்னல் அன்பாகக் கேட்டார்.

பெரிய அதிகாரி கேட்கும்போது குழாயில் கண்ணை வைத்துக்கொண்டு பதில் சொல்வது மரியாதையா? தூரமானிக்காரர் நிமிர்ந்து, திரும்பி, "இருபத்தி ரெண்டு வருஷம் சார்," என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். அந்த நேரத்தில் அலை இலக்கை மறைத்திருந்தது. கண்ணாடியில் எது தெரிந்ததோ அதையே பிடித்து, அதன் திசையையும் தூரத்தையும் கணீரென்று டெலிபோனில் சொன்னார்.

கீழே பீரங்கி திரும்பியது. குண்டு போட்டாயிற்று, கதவு மூடியாயிற்று. இத்தனை வேகத்தை இந்தத் தளத்தில் கேப்டன் பார்த்ததே இல்லை. முள்ளைப் பார்த்து அவர் மனம் துள்ளியது. இனி சார்ஜென்ட் 'சுடு' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

ஒலிபெருக்கியில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அறையின் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

"டேய் குச்சி! படகுடா அது! இழுக்கிற படகைக் காட்டுறியேடா பாவி! பின்னாடி பாருடா, பின்னாடி! மூஞ்சியில இருக்கிறது கண்ணா, சட்டைப் பித்தானா?"

கேப்டனின் தலை சட்டென்று நிமிர்ந்தது. வெறுங்கண்ணாலேயே தெரிந்தது. கீழே பீரங்கிக் குழல் நேராக அந்தப் படகைப் பார்த்து நின்றது. படகின் மேல்தட்டில் ஒருவன் கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். கேப்டன் ஸ்டாப்வாட்ச்சைக் கையிலிருந்து விட்டார். பக்கத்திலேயே நின்றிருக்கிறார், ஜன்னல் திறந்திருக்கிறது, ஒரு தடவை கடலைப் பார்த்திருந்தால் போதும். பார்த்ததெல்லாம் முள்ளைத்தான்.

"ஐயோ, ஆமாண்டா," என்றார் தூரமானிக்காரர். உதடு வெளுத்துப்போயிருந்தது. "இரு. இருடா தடியா. புடிச்சுட்டேன்." புதிய எண்ணைச் சொன்னார்.

"இது இலக்குதானே? இல்லை ஏதாவது பறவையா?"

"சுடுடா மூடிக்கிட்டு!"

பீரங்கி வெடித்தது. தண்ணீர் எழும்பியது.

"கம்மிடா. இருநூறு ஏத்து," என்றார் தூரமானிக்காரர்.

"இருநூறு எதுக்குடா? நூத்தம்பது போதும், எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா போடேன், என்னை எதுக்குக் கேக்குறே?"

"போட்டுட்டேண்டா, அடுத்ததைப் பாரு!"

இரண்டாவது பீரங்கியும் சேர்ந்துகொண்டது. அதன் பிறகு கர்னலால் யார் என்ன சொன்னார்கள் என்று பின்தொடர முடியவில்லை. எண்ணும் வசவும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து ஒலிபெருக்கியில் கொட்டின. ஒருவர் வாயை மூடுவதற்கு முன் அடுத்தவர் ஆரம்பித்தார். ஒருவர் தப்பை ஒருவர் பாதி வார்த்தையிலேயே திருத்தினார். நாலாவது குண்டு இலக்கை உரசிக்கொண்டு போயிற்று. அடுத்தது நடுவில் விழுந்து, சிவப்புத் துணியும் மரச்சட்டமும் சிதறி ஆகாயத்தில் பறந்தன. படகிலிருந்த மாலுமிகள் சட்டையைத் தேடி ஓடினார்கள்.

"அவ்வளவுதானா? வேற எதாவது இருக்கா?" என்று கேட்டது கீழ்க் குரல்.

கர்னல் மீசையைத் தடவிக்கொண்டார். "இது என்ன நடைமுறை கேப்டன்?"

"பழைய நடைமுறை சார்," என்றார் கேப்டன்.

கர்னல் கொஞ்ச நேரம் கடலில் மிதந்த சட்டத்துண்டுகளைப் பார்த்தார். "வேகத்துக்கு முழு மதிப்பெண். குறிக்கும் முழு மதிப்பெண். ஒழுங்குக்கு என்ன போடுறதுன்னு எனக்குத் தெரியல. முதல் எண் தப்பு. அதுக்குக் கழிக்கணும். கீழே இருந்தவர் கண்டுபிடிச்சு நிறுத்தினாரு. அதுக்குக் கூட்டணும். ஆனா அவர் நிறுத்தின பாஷை இருக்கே..." என்று இழுத்தவர், "நானும் அந்த நேரத்துல அவரைப் பேச்சுக்கு இழுத்திருக்கக் கூடாது," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கீழே போனார்.

கேப்டன் அவரை ஜீப் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, தூரமானிக்காரர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தூரமானியின் மூடியைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். கேப்டன் ஏதாவது சொல்ல நினைத்தார். படகைத் தானும்தான் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்ததால் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

படியில் பூட்ஸ் சத்தமும் மூச்சிரைப்பும் கேட்டன. சார்ஜென்ட் இரண்டு டம்ளர் டீயோடு வந்து, கேப்டனைத் தாண்டி உள்ளே போனார்.

"படகுல எத்தனை பேருடா?" என்றார் தூரமானிக்காரர், தலையைத் தூக்காமல்.

"எத்தனை பேரா இருந்தா என்ன? எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. டீயைக் குடி."

"நீ போன மாசம் மாதிரி பேசாம இருந்திருந்தா?"

சார்ஜென்ட் பக்கத்தில் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெட்டி முனகியது. "இருந்திருக்க மாட்டேன். போன மாசமும் படகுன்னா கத்தித்தான் இருப்பேன்," என்றார் பிறகு. அது உண்மைதானா என்பது அவருக்கே தெரியவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"இதை வீட்ல சொல்லிடாதடா," என்றார் தூரமானிக்காரர்.

"நான் சொல்லல. ஆனா பித்தான்னு சொன்னதை நீ அவகிட்டப் போட்டுக்கொடுக்கக் கூடாது."

"அந்தப் பித்தானை எங்கேருந்துடா புடிச்சே?"

"வாயில வந்துச்சு. ஒரு வருஷமா உள்ளேயே கெடந்துச்சு போல."

தூரமானிக்காரர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆயிற்று. அவர் முகத்தைக் கைக்குட்டையில் மறைத்துக்கொள்ள, சார்ஜென்ட் கடலைப் பார்த்தபடி அவர் முதுகில் ஒன்று வைத்தார். பலமாகத்தான் வைத்தார். டீ கொஞ்சம் சிந்தியது.

கேப்டன் சத்தம் காட்டாமல் தன் அறைக்குப் போனார். எல்லாத் தளங்களும் பின்பற்றுவதற்கு வசதியாகப் புதிய நடைமுறையை எழுதி அனுப்பும்படி தலைமையகம் கேட்டிருந்தது. அவர் நிறைய யோசித்து, நிறைய அடித்து, கடைசியில் மிஞ்சியதை எழுதினார். சொல்லப்பட்ட எண் தவறு என்று யாருக்குத் தெரிந்தாலும், சொன்னவர் யாராக இருந்தாலும், அவர் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். எந்த வார்த்தையில் சொன்னாலும் அதற்காக அவர் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது. சோதனையின்போது நேரம் பார்ப்பவர் ஓர் ஆளாகவும், கடலைப் பார்ப்பவர் இன்னொரு ஆளாகவும் இருக்க வேண்டும். கடைசி வாக்கியத்துக்கு ஏன் அடிக்கோடு போட்டிருக்கிறது என்று தலைமையகத்தில் யாரும் கேட்கவில்லை.

வெளியே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. சம்பந்திகள் இருவரும் காலி டம்ளர்களோடு படியிறங்கிப் போனார்கள். திருத்தம் இருநூறா நூற்றைம்பதா என்ற தகராறு இன்னும் தீரவில்லை. "நீ சொன்ன இருநூறைப் போட்டிருந்தா குண்டு அடுத்த நாட்டுல விழுந்திருக்கும்டா," என்று ஒருவர் கத்த, "போடா, உனக்கு எண்ணவே நான்தான் சொல்லிக்கொடுத்தேன்," என்று மற்றவர் கத்த, கூரையில் உட்கார்ந்திருந்த பறவைகள் எழுந்து பெரிதாக ஒரு சுற்றுச் சுற்றின.